உறைபனிக்கு முந்திக் காய்க்கும் அவரை

கனடாவின் நடுச்சமவெளியில் நான் வேலை பார்க்கும் ஆலைக்கு, ஓசூரிலிருந்து வார்ப்பு உருப்படிகள் வருகின்றன. ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னார்கள். எனக்குக் கசக்குமா? விருதுநகர்ப் பக்கம் பிறந்து, ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்த்தே நரை கண்டவன் நான். பெண் எடுத்ததும் அஞ்செட்டிப் பக்கம்தான். அன்று மாலையே பெட்டியை இறக்கித் தூசி தட்டிவிட்டேன்.

மனைவி மஞ்சுளா என்னோடு வரவில்லை. அவளுக்கு விடுப்பு இல்லை. சட்டையை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எங்கப்பா அவரை வெதை குடுத்தா வாங்கிட்டு வராதீங்க. போன வருசத்துதே மிச்சம் இருக்குதுன்னு சொல்லிடுங்க. காய்ச்சுதான்னு கேட்டா, நல்லா காய்ச்சுதுன்னு சொல்லுங்க."

அவள் ஊரில் மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள், அதில் ராகிக்கு ஊடே அவரை விதைப்பார்கள். முதல் விதையை ஊன்றுவது வீட்டில் கைராசிக்காரர் ஒருவரின் வேலை. மஞ்சுளா பாவாடை கட்டிய நாளிலிருந்து கல்யாணமாகும்வரை அந்த வீட்டில் அது அவள் கைதான். பக்கத்துக் காட்டுக்காரர்கள் கூட அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போய் ஊன்றச் சொல்வார்களாம். அப்படிப்பட்டவள் கனடாவில் வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டு, அப்பா அனுப்பிய விதையை மூன்று கோடைகள் ஊன்றினாள். கொடி பந்தலை மூடிக்கொண்டு போகும். இலை கையகலம். பூ மட்டும் வராது. செப்டம்பரில் ஒருநாள் காலை எழுந்து பார்த்தால், கொடி முழுக்க வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கும்.

எங்கள் ஊரில் மே மாதக் கடைசிவரை உறைபனி போகாது. செப்டம்பர் பாதியில் திரும்ப வந்துவிடும். நடுவில் இருப்பதுதான் செடிகொடிகளுக்கு ஆண்டவன் அளந்துவிட்ட வருடம். டொராண்டோவில் இருக்கும் நண்பருக்கு எங்களைவிடக் கணிசமாகக் கூடுதல். மேற்குக் கடற்கரையில் இருப்பவர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள், அக்டோபர் தாண்டியும் தக்காளி பறித்துப் படம் போட்டு எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு டோனா செப்டம்பர் பிறந்தாலே தக்காளிச் செடிகளுக்கு இரவில் படுக்கை விரிப்பைப் போர்த்துவாள். அதைப் பார்த்து மஞ்சுளாவும் போர்த்தினாள். வீட்டிலிருந்த விரிப்பெல்லாம் தீர்ந்து, போன வருடம் என் கல்யாண வேட்டியும் பந்தலுக்குப் போயிற்று. கொடி பிழைக்கவில்லை.

"என் கை அந்த ஊரோடவே நின்னு போச்சு" என்றாள் அன்று. அதற்குப் பிறகு அவள் பின்கட்டுக் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலோரத் தொட்டியில் கொத்தமல்லி கூடப் போடவில்லை. அப்பாவிடம் மட்டும் போனில், "நல்லா காய்க்குதுப்பா, பிதுக்கி ஃப்ரீசர்ல கூட வெச்சிருக்கேன்" என்பாள். மகள் கை பொய்த்துப்போனது என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார் என்பது அவள் கணக்கு. போனை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பொங்கல் கழிந்த வாரம் ஓசூர் வந்து இறங்கினேன். பெங்களூரிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். "இந்த வருசம் குளிர் கொன்னுடுச்சு, எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். அத்திப்பள்ளி தாண்டியதும் அதே பேச்சு தெலுங்குக்கு மாறி, பஸ் நிலையத்தில் பூக்காரியிடம் தமிழில் வந்து இறங்கியது. நான் அரைக்கைச் சட்டையோடு வியர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆலை வாசலில் காவலாளி குரங்குக் குல்லாயும் மப்ளருமாக இருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குளுரலையா சார்?"

"இல்லங்க."

"ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

உள்ளே பழைய சிநேகிதர் சேகர் காத்திருந்தார். முன்பு என்னோடு ஒரே மெஷினில் மாறி மாறி நின்றவர், இப்போது தரக்கட்டுப்பாட்டில் பெரிய ஆள். கேன்டீனில் திருநெல்வேலிப் பையன்கள் "ஏல" என்றும் சேலத்துக்காரர்கள் "ஏனுங்க" என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழம்பில் அவரைக்காய் கிடந்தது. ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தேன். அஞ்செட்டி அவரையின் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் வாசனையும் இதில் மருந்துக்கும் இல்லை.

"அது மார்க்கெட் அவரைப்பா. குத்துச்செடி. வருசம் பூரா காய்க்கும்" என்றார் சேகர். "ஞாயித்துக்கெழம எங்கூட ஊத்தங்கரைக்கு வா. எங்கம்மா வேலியில நல்லது நிக்குது. உம் மாமனார் குடுத்த வெதைதான். உன் கல்யாணத்துக்கு வந்தப்ப ஒரு கை அள்ளிக் குடுத்தாரே!"

ஞாயிறு காலை மூடுபனியில் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. கிருஷ்ணகிரிக்கு இறங்க இறங்க, பயணிகள் ஒவ்வொருவராக எதையாவது கழற்ற ஆரம்பித்தார்கள். முதலில் குல்லாய், பிறகு மப்ளர். காவேரிப்பட்டினத்தில் ஸ்வெட்டர்கள் மடிக்குப் போயின. ஊத்தங்கரைக்கு முன்னால் ரேடியேட்டர் பொங்கி, ஓட்டுநர் கீழே இறங்கி, என்ஜினுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். வெயிலுக்கு ஒதுங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். காலையில் நடுங்கிக்கொண்டு ஏறிய அதே ஆட்கள்தான், இப்போது துண்டால் விசிறிக்கொண்டார்கள். கனடாவில் ஒரு பகல் முழுக்கக் காரோட்டினாலும் பருவம் இவ்வளவு மாறாது. இங்கே ஒரு டிக்கெட்டில் இரண்டு பருவம்.

சேகரின் அம்மா வீட்டில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. வேலியில் அவரைக்கொடி காய்த்துத் தள்ளியிருந்தது. எனக்கு ஆச்சரியம். அஞ்செட்டியில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பனி இறங்கினால்தான் அவரை பூக்கும். மஞ்சுளாவும் அதை நம்பித்தான், கனடாவில் குளிருக்கா பஞ்சம், பூத்துக் கொட்டும் என்று முதல் வருடம் குதித்தாள்.

"இங்க பனியே இல்லையேம்மா, எப்பப் பூத்துச்சு?" என்று கேட்டேன்.

"அது ஐப்பசி கார்த்திகையில வெச்சுடும் தம்பி, வருசா வருசம். வெயிலடிச்சாலும் வெச்சுடும். நீ இன்னொரு கரண்டி போட்டுக்க."

சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பும்போதும் அது மண்டையைக் குடைந்தது. மேலே மலைக்காட்டில் ஐப்பசி, கார்த்திகை. கீழே வெயில்காட்டிலும் அதே ஐப்பசி, கார்த்திகை. அப்படியென்றால் பூவைக் கூப்பிடுவது குளிர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்து, பர்கூர்ப் பக்கத்துக் குன்றுகள் கறுத்துக்கொண்டிருந்தன. கனடாவில் ஜூலையில் இரவுச் சாப்பாட்டை முடித்துப் பாத்திரம் கழுவிய பிறகும் சமையலறைக்குள் வெயில் அடிக்கும். போனில் தேடினேன். நான் நினைத்தது சரிதான். இந்த நாட்டு அவரைக்குப் பகல் சுருங்க வேண்டும், அப்போதுதான் மொட்டு வைக்கும். எங்கள் ஊரில் பகல் போதுமான அளவு சுருங்குவதற்குள் உறைபனி வந்து கொடியை அடித்துவிடுகிறது. பாவம் அந்தக் கொடி, மூன்று வருடமும் இருட்டுக்காகக் காத்திருந்து செத்திருக்கிறது. மஞ்சுளாவின் கையில் ஒரு குறையும் இல்லை.

பகலைப் பற்றிக் கவலைப்படாமல் சீக்கிரம் காய்க்கும் அவரையும் இருக்கிறது என்று படித்தேன். கேன்டீனில் நான் முகம் சுளித்தேனே, அந்தக் குத்தவரைதான்.

மறுநாள் காலை மஞ்சுளாவைக் கூப்பிட்டு மூச்சுவிடாமல் சொன்னேன். அங்கே முந்தின நாள் மாலை.

"நெசமாவா?" என்றாள்.

"நெசமாத்தான். ஓசூர்க் கடையில ரெண்டு பாக்கெட் குத்தவரை வெதை வாங்கிட்டு வந்துர்றேன்."

"வேணாம். எங்கப்பா கையால வாங்காத வெதைய நான் ஊன்னதில்ல. ஊனவும் மாட்டேன்."

"அப்ப அவருகிட்டயே கேக்குறேன்."

"கேட்டா எல்லாத்தயும் சொல்லணுமே! வேணாங்க. விட்டுடுங்க." போனை வைத்துவிட்டாள்.

ஆலை வேலை முடிந்ததும் அஞ்செட்டி பஸ் ஏறினேன். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டுச்சாலையில் பஸ் நின்றுவிட்டது. எதிரே யானைகள். ராகி அறுத்த காடுகளில் மிச்சம் மீதி தேடி இறங்கியவை, குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு சாலையை அடைத்து நின்றன. பஸ்ஸில் யாரும் பதறவில்லை. நடத்துநர் டிக்கெட் கட்டைத் தலைக்கு வைத்துக் கடைசி இருக்கையில் படுத்துவிட்டார். ஒரு பெரியவர் மட்டும், "போவும் போவும், அதுங்களுக்கு ஷிப்டா கீது?" என்றார். எங்கள் ஊரில் பனிப்புயல் நெடுஞ்சாலையை மூடும்போதும் இப்படித்தான் காரில் உட்கார்ந்திருப்போம், ஆனால் ஆளாளுக்கு நேரம் பார்த்துக்கொண்டு. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. விதைக்க, அறுக்க, குழாயில் தண்ணீரை வடிக்க. பனியே உறையாத இந்த மண்ணில் வருடத்துக்கு விளிம்பு கிடையாது. ஒரு பயிர் தவறினால் இன்னொன்று. அந்த நிம்மதியில் வளர்ந்தவளை விளிம்பு வைத்த ஊருக்குக் கூட்டிப்போய்விட்டேனே என்று அந்தக் காட்டுக்குள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் ஊர் நாட்றாம்பாளையத்துக்கு முன்னால் இறங்க வேண்டிய சிற்றூர். மாமா முனிரத்தினம் டார்ச் லைட்டோடு நிறுத்தத்தில் நின்றிருந்தார். மாலை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. "யானை கீதுன்னு போன் வந்துச்சு மாப்ள, அதான்" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அத்தை லட்சுமம்மாவுக்குக் கன்னடம்தான் வாயில் முதலில் வரும். இளைத்துவிட்டேன் என்று அதில் ஒருமுறையும், தமிழில் ஒருமுறையும் சொன்னார்.

ராகிக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும். ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுத்து வைக்கும் குழம்பு. அந்த வாசனைக்கு நான் அடிமை. சாப்பிட்டு நிமிர்வதற்குள் மாமா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இது போன வருசம் மார்கழிக் கடைசியில பூ வெச்ச கொடியோட நெத்து மாப்ள. எல்லாத்துக்கும் பின்னாடி வர்றது. பனி நல்லா குடிச்சதாலதான் இந்த வாசனை. முன்னாடி காய்ச்சதெல்லாம் வித்துடுவேன். மஞ்சுக்கு மட்டும் வருசா வருசம் இதத்தான் பொறுக்கி, சாம்பல்ல பொரட்டி வெக்கிறது."

காட்டிலேயே கடைசியாகக் காய்க்கும் கொடியைத் தேடித் தேடி மகளுக்கு அனுப்பியிருக்கிறார் மனிதர். சீக்கிரம் காய்க்க வேண்டிய ஊருக்கு, இருப்பதிலேயே தாமதமான விதை. அவ்வளவும் பாசம். பையை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் வாய் வரவில்லை. பயண அலுப்பு என்று படுக்கப் போய்விட்டேன்.

காலையில் மாமாவோடு காட்டுக்குப் போனேன். ராகி அறுத்த தாளுக்கு நடுவே அவரைக்கொடி பனியில் நனைந்து படர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் சொட்டுநீர்க் குழாய் ஓடும் ஒரு துண்டு நிலத்தில் குத்தவரை நின்றது. காயைப் பறித்து ஓசூர் மார்க்கெட்டுக்கு ஏற்றுவது. வீட்டு வாசல்படி அது ஏறியதே இல்லை. விற்காமல் முற்றியதை மாட்டுக்குப் போடுவார்.

"போன வருசம் மஞ்சு எத்தினி பறி பறிச்சா?" என்று கேட்டார் மாமா, நடந்துகொண்டே.

நல்லா காய்ச்சுது என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பின்கட்டுக் கதவைத் திறக்காத மஞ்சுளாதான் கண்ணில் நின்றாள்.

"மாமா, ஒரு காய்கூட இல்ல. மூணு வருசமும் இல்ல. உங்க மனசு கஷ்டப்படும்னுதான் மறைச்சுட்டா. தன் கை போயிருச்சுன்னு இப்ப எதயுமே ஊன்றதில்ல."

அவர் நின்றுவிட்டார். "எம் பொண்ணு கை ஊனுனது காய்க்கலையா? அங்கதான் பனி மலை மாதிரி கொட்டிக் கெடக்குதே, போட்டோவுல பாத்தனே!"

பகல் சுருங்கினால்தான் பூக்கும் என்ற கதையைச் சொன்னேன். அது அவருக்குப் பிடிபட்டது. உறைபனிதான் பிடிபடவில்லை. பனி என்றால் அவருக்கு இலையை நனைத்து, வெயில் ஏறியதும் போய்விடுவது. அது எப்படிக் கொடியைக் கொல்லும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னால் தூக்குப்போசியில் டீ கொண்டுவந்த அத்தை கேட்டுக்கொண்டே நின்றிருந்தார்.

"ஃப்ரிட்ஜுல மேல் தட்டுல மறந்து வெச்ச கொத்தமல்லி மாதிரியா?" என்றார். "எடுத்தா கறுத்து, கொழகொழன்னு?"

"அதேதான் அத்தை. எலைக்குள்ள இருக்கிற தண்ணியே உறைஞ்சுரும். ஒரு ராத்திரி போதும்."

மாமா டீயை வாங்கவில்லை. நான் துணிந்து கேட்டேன். "அந்தக் குத்தவரை நெத்து ரெண்டு கைப்பிடி குடுங்க மாமா. அது எங்க ஊரு கோடைக்குள்ள காய்ச்சுரும்."

அவர் முகம் சிவந்தது. "மாட்டுக்குப் போடறத எம் பொண்ணுக்குக் குடுத்தனுப்பட்டுமா? நாங்க வாயில வெக்காதத அவளுக்குக் குடுக்கறதா? போங்க மாப்ள!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் வேகமாகப் போய்விட்டார். அத்தை என் கையைத் தொட்டு, வா என்பதுபோல் தலையசைத்தார். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மகளின் பொய்யும் உடைந்தது, விதையும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமா நடுக்கூடத்தில் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் மஞ்சுளா.

"பந்தலக் காட்டு" என்றார்.

அவள் என் முகத்தையும் திரையில் பார்த்துவிட்டாள். புரிந்துகொண்டாள். எழுந்துபோய்ப் பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். வெளிவிளக்கு வெளிச்சத்தில் பனி முழங்கால் உயரம் கிடந்தது. அதன் நடுவே பந்தல் கம்புகள். அவற்றில் செப்டம்பரில் செத்த கொடி, பனி ஒட்டி, அப்படியே தொங்கியது. என் வேட்டியின் ஒரு முனை கம்பில் கட்டியபடி விறைத்து நின்றது. எனக்கே அது இன்னும் அங்கே இருப்பது தெரியாது.

"வேட்டியா அது?"

"ஆமாப்பா. போத்திப் பாத்தேன்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொன்னது கெடக்கட்டும். உன் கை மேலயே பழி போட்டுக்கினியே, அதான் எனக்கு ஆறல. உன் கைக்கு ஒன்னும் ஆவலடி. வெதைய அனுப்புனவன் நான்தான். நான்தான் பாத்து அனுப்பியிருக்கணும்."

அந்தப் பக்கம் மஞ்சுளா அழுதாள். குளிரில் கதவைச் சாத்தத் தோன்றாமல் நின்று அழுதாள். அத்தைதான் கன்னடத்தில் அதட்டி உள்ளே போகச் சொன்னார்.

போனை வைத்ததும் மாமா எழுந்து எங்கேயோ போனார். நான் பெட்டியைக் கட்டினேன். மதியப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர் திரும்பி வந்தபோது துண்டில் பச்சையாகக் குத்தவரைக் காய், ஒரு கூடைக்கு இருக்கும். அத்தைக்கு முன்னால் கொட்டினார்.

"இதுல கொழம்பு வெய்யி."

அத்தை அவரையும் காயையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுலயா?"

"நாம துன்னாத்தான அவளுக்குக் குடுக்க முடியும்? வெய்யி."

தட்டில் களி உருண்டையும் அந்தக் குழம்பும் வந்தன. நான் முதல் வாய் வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வாயில் போட்டுக் கண்ணை மூடி விழுங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு மாட்டுக்கொட்டகை மேல்தட்டில் காய்ந்துகொண்டிருந்த முற்றின காய்களை இறக்கினார். ஒவ்வொன்றாக உடைத்து, பூச்சி விழுந்ததைத் தள்ளி, நல்லதாகப் பொறுக்கி இரண்டு கைப்பிடி அளந்தார். சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மஞ்சுகிட்ட சொல்லுங்க மாப்ள" என்றார். "தாளிக்கறப்ப பூண்டு ரெண்டு பல்லு சேத்துப் போடச் சொல்லுங்க. இதுக்கு வாசன பத்தாது."